உயர் மின்கம்பியும் மறதி நோயும்: விவசாயி அறிய வேண்டிய பாடம்

வயலின் குறுக்கே உயர் அழுத்த மின்கம்பி செல்கிறது. வீட்டுக்கு அருகில் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காகக் காத்திருந்து, மோட்டார் கொட்டகைக்குள்ளேயே கட்டிலைப் போட்டுப் படுப்பவர்களும் உண்டு. இவ்வாறு மின்சாரத்தோடு ஒட்டி வாழும் விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தக் கம்பியிலிருந்து வரும் காந்த சக்தி மூளையைக் கெடுத்து, வயதான காலத்தில் மறதி நோயைக் கொண்டுவரும் என்கிறார்களே, உண்மையா?"

இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. விஞ்ஞானிகளே இதைச் சுமார் 30 ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அதே சமயம் கேள்விப்பட்டதை எல்லாம் நம்பிப் பயப்படவும் தேவையில்லை. இதுவரை கண்டறியப்பட்டது என்ன, அதை எவ்வாறு எடைபோடுவது, நம் பண்ணையில் செய்ய வேண்டியது என்ன என்பதை இப்பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அல்சைமர் நோய் என்பது என்ன?

வயதானால் சற்று மறதி வருவது இயல்பு. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோயாகாது. சாவி எதற்காக என்பதே தெரியாமல் போவதுதான் நோய். பல ஆண்டுகள் போய்வந்த சொந்தத் தோட்டத்துக்கு வழி தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பணத்தை எண்ணத் தடுமாறுவது, மடையைத் திறந்துவிட்டுத் திறந்த நினைவே இல்லாமல் இருப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

மறதி நோய்களில் முதன்மையானது அல்சைமர் நோய். ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் 1906ம் ஆண்டில் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். இதில் மூளையில் ஒருவகைப் புரதம் படிவுகளாகச் சேர்கிறது. நரம்பு அணுக்களுக்குள் இன்னொரு புரதம் முடிச்சு விழுந்த நூல்போல் சிக்குகிறது. அணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. வெளியே அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உள்ளே இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குச் சற்று மேல் ஏதேனும் ஒருவகை மறதி நோயுடன் வாழ்வதாக 2023ல் வெளியான கணக்கு கூறுகிறது. மொத்தத்தில் சுமார் 88 லட்சம் பேர். எனவே ஒவ்வொரு கிராமத்திலும் இந்நோயாளிகள் இருப்பார்கள். கம்பிக்கு அருகிலும் இருப்பார்கள், கம்பியே இல்லாத இடத்திலும் இருப்பார்கள். இதை முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மின்புலமும் காந்தப்புலமும்

மின்சாரம் செல்லும் கம்பியைச் சுற்றி இரண்டு வகைப் புலங்கள் உண்டாகின்றன.

முதலாவது மின்புலம். இது மின்னழுத்தத்தைப் பொறுத்தது. கம்பியில் அழுத்தம் இருக்கும் வரை, மோட்டார் ஓடாவிட்டாலும் இது இருக்கும். மிக உயர் அழுத்தக் கம்பிகளின் அடியில் இரவில் குழல்விளக்கைக் கையில் பிடித்தால் அது மங்கலாக ஒளிர்வதற்குக் காரணம் இந்த மின்புலமே. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும், இதைச் சுவரும் மரமும் பெருமளவு தடுத்துவிடும்.

இரண்டாவது காந்தப்புலம். இது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை, அதாவது ஆம்பியரைப் பொறுத்தது. மோட்டார் ஓடும்போது உண்டாகும், நிறுத்தினால் மறையும். சுவரோ கூரையோ இதைத் தடுப்பதில்லை. மறதி நோயைப் பற்றிய சந்தேகம் முழுவதும் இந்தக் காந்தப்புலத்தைப் பற்றியதே. ஆகவே குழல்விளக்கு எரிவதை வைத்து மறதி நோயைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை சுழலும் மாறுமின்னோட்டம். எனவே அதன் காந்தப்புலமும் விநாடிக்கு 50 சுழற்சி வீதம் திசை மாறிக்கொண்டே இருக்கும். இதைத்தான் குறை அதிர்வெண் காந்தப்புலம் என்கிறார்கள். இதன் சக்தி மிகக் குறைவு. எக்ஸ்ரே கதிரைப்போல் உடலின் அணுக்களை உடைக்கும் வலிமை இதற்கு இல்லை.

தூரமே முதல் பாதுகாப்பு

காந்தப்புலத்தை அளக்கும் அலகு மைக்ரோ டெஸ்லா. நம் பகுதியில் பூமியின் இயற்கையான காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. ஆனால் அது திசை மாறாத நிலைப்புலம். மின்கம்பியின் புலம் மாறிக்கொண்டிருப்பது. ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிடுவது சரியாகாது.

வீடுகளில் சாதாரணமாக நிலவும் மாறு காந்தப்புலம் ஒரு மைக்ரோ டெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கும், அதற்குக் குறைவாகவும் இருப்பதாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அளந்திருக்கிறார்கள். மிக உயர் அழுத்தக் கம்பியின் நேர் அடியில் இது சுமார் 20 மைக்ரோ டெஸ்லா வரை இருக்கக்கூடும். ஆனால் கம்பியை விட்டு விலக விலக வேகமாகக் குறைந்து, 50 முதல் 100 மீட்டர் தூரத்தில் மற்ற இடங்களில் உள்ள அளவுக்கே வந்துவிடுகிறது.

வீட்டுச் சாதனங்களிலும் இதே கதைதான். சோக் உள்ள பழைய குழல்விளக்கை 3 சென்டிமீட்டர் அருகில் அளந்தால் 40 முதல் 400 மைக்ரோ டெஸ்லா வரை காட்டும். ஓர் அடி தள்ளி அளந்தால் அரை முதல் 2 வரை. ஒரு மீட்டரில் கால் மைக்ரோ டெஸ்லாவைத் தாண்டுவதில்லை. இஸ்திரிப் பெட்டி 3 சென்டிமீட்டரில் 8 முதல் 30 வரை காட்டும். ஓர் அடி தள்ளினால் 0.3க்குள் அடங்கிவிடும்.

பம்புசெட்டுக்கும் இந்த விதி பொருந்தும். 5 குதிரை சக்தி மும்முனை மோட்டார் ஏறத்தாழ 7 முதல் 8 ஆம்பியர் எடுக்கும். 8 ஆம்பியர் ஓடும் தனிக்கம்பி ஒன்றிலிருந்து ஒரு மீட்டரில் 1.6 மைக்ரோ டெஸ்லாவும், இரண்டு மீட்டரில் 0.8 மைக்ரோ டெஸ்லாவும் உண்டாகும். மூன்று முனைக் கம்பிகளும் ஒரே கேபிளில் ஒட்டிச் செல்லும்போது ஒன்றின் புலத்தை மற்றொன்று பெருமளவு அழித்துவிடுவதால் அளவு இன்னும் குறையும். மோட்டாரின் புலமோ தூரத்துடன் கம்பியைவிட வேகமாகக் குறையும். இரண்டு அடி, நான்கு அடி விலகுவதிலேயே பெரும் பயன் கிடைக்கிறது என்பது இதனால் தெளிவாகும்.

தையல் தொழிலாளரிடம் தொடங்கிய சந்தேகம்

அல்சைமர் நோயையும் காந்தப்புலத்தையும் இணைத்த கவனிக்கத்தக்க ஆய்வு 1995ல் வெளிவந்தது. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் சோபெலும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பின்லாந்திலும் லாஸ் ஏஞ்சல்சிலும் இருந்த அல்சைமர் நோயாளிகளின் தொழிலை விசாரித்தனர். அதிகக் காந்தப்புலத்தில் வேலை செய்தவர்களாகக் கருதப்பட்டோர், நோய் இல்லாதவர்களைவிட நோயாளிகளிடையே சுமார் 3 மடங்கு அதிகமாகக் காணப்பட்டனர். 1996ல் கலிபோர்னியாவில் நடந்த அடுத்த ஆய்விலும் இதையொத்த முடிவே கிடைத்தது.

இவர்கள் மின்வாரிய ஊழியர்கள் அல்லர். பெரும்பாலோர் தையல் தொழிலாளர்கள். ஆலைகளில் உள்ள மின்தையல் இயந்திரத்தின் மோட்டார் மேசைக்கு அடியில், உடலுக்கு மிக அருகில் இருக்கும். நாள் முழுவதும் ஓடும். ஆகவே உயர் மின்கம்பியின் அடியில் நிற்பவரைவிடத் தையல்காரர் அதிகக் காந்தப்புலத்தைப் பெறக்கூடும்.

இந்த ஆய்வுகளில் குறைகளும் இருந்தன. நோயாளியால் நினைவுபடுத்திச் சொல்ல முடியாததால், அவரது தொழில் விவரத்தை உறவினரிடம் கேட்டறிய நேர்ந்தது. காந்தப்புலத்தை அவர் இருந்த இடத்தில் அளக்கவில்லை. தொழிலின் பெயரை வைத்தே மதிப்பிட்டனர். தையல் தொழிலில் நீண்ட நேரம் உட்கார்ந்திருத்தல், குறைந்த பள்ளிப் படிப்பு போன்ற வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆகவே இது ஒரு சந்தேகத்தை எழுப்பியது. தீர்ப்பை அளிக்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் கணக்கு

மின்கம்பிக்கு அருகில் குடியிருப்பவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு சுவிட்சர்லாந்தில் நடந்தது. அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் இடம்பெற்ற 47 லட்சம் பேரை 2000 முதல் 2005 வரை பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தனர். ஒவ்வொருவரின் வீடும் 220 முதல் 380 கிலோவோல்ட் கம்பியிலிருந்து எத்தனை மீட்டரில் உள்ளது என்று கணக்கிட்டனர்.

50 மீட்டருக்குள் வசித்தவர்களை 600 மீட்டருக்கு அப்பால் வசித்தவர்களுடன் ஒப்பிட்டபோது, அல்சைமர் நோயால் இறப்பது 1.24 மடங்காக இருந்தது. இது தற்செயலாகவும் வரக்கூடிய வேறுபாடே. ஆனால் அதே இடத்தில் 10 ஆண்டுக்கு மேல் வசித்தவர்களிடம் இது 1.78 மடங்காகவும், 15 ஆண்டுக்கு மேல் வசித்தவர்களிடம் 2 மடங்காகவும் உயர்ந்தது. காலம் கூடக் கூட எண்ணும் கூடியதே இந்த ஆய்வைக் கவனிக்கத்தக்கதாக்கியது. 50 மீட்டருக்கு அப்பால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதிலும் ஒரு பலவீனம் உண்டு. 50 மீட்டருக்குள் வசித்து அல்சைமர் நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆகவே "2 மடங்கு" என்ற கணக்கின் உண்மை மதிப்பு 1.2 முதல் 3.3 வரை எங்கேயும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே குறித்துள்ளனர். மேலும் இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட காரணத்தை வைத்தே கணக்கெடுத்தனர். மறதி நோயுள்ள பலரது சான்றிதழில் அந்நோயின் பெயர் எழுதப்படுவதே இல்லை.

டென்மார்க்கின் கணக்கு

சுவிட்சர்லாந்தின் முடிவு சரிதானா என்று டென்மார்க்கில் சோதித்தனர். இறப்புச் சான்றிதழை விட்டுவிட்டு, 1994 முதல் 2010 வரை மருத்துவமனைகளில் நோய் கண்டறியப்பட்டவர்களின் பதிவேட்டை எடுத்துக்கொண்டனர். 132 முதல் 400 கிலோவோல்ட் கம்பிகளுக்கு 50 மீட்டருக்குள் வசித்தவர்களிடம் அல்சைமர் நோய் 1.04 மடங்கு என்று 2013ல் வெளியான இந்த ஆய்வு கூறியது. ஏறத்தாழ வேறுபாடு இல்லை என்பதே இதன் பொருள். எத்தனை ஆண்டு வசித்தாலும் நோய் கூடிக்கொண்டே போகும் போக்கும் இதில் காணப்படவில்லை.

இரண்டையும் எவ்வாறு எடைபோடுவது?

ஒரு நாட்டில் தெரிந்தது, இன்னொரு நாட்டில் தெரியவில்லை. இது விவசாயிகளுக்குப் புதிதல்ல. புதிய நெல் ரகம் ஒன்று ஒரு பாத்தியில் இருமடங்கு மகசூல் கொடுத்தால், உடனே பத்து ஏக்கரிலும் அதையே நடமாட்டோம். அந்தப் பாத்தியில் எரு அதிகம் விழுந்ததா, வாய்க்கால் தலைப்பில் இருந்ததா என்று பார்ப்போம். அடுத்த போகத்தில் வேறு வயலில் போட்டுப் பார்ப்போம். அங்கேயும் அப்படியே வந்தால்தான் ரகத்தின் குணம் என்று ஒப்புக்கொள்வோம்.

இன்னொன்றையும் பாருங்கள். வேப்ப மரத்தை ஒட்டிய பயிர் வாடுகிறது. நிழலால் வாடுகிறதா, வேர் நீரை உறிஞ்சுவதால் வாடுகிறதா? மரமும் வாட்டமும் ஒரே இடத்தில் இருப்பதைக் கண்டவுடன் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. அதேபோல் கம்பியும் நோயும் ஒரே இடத்தில் இருந்தால், கம்பிதான் நோயைத் தந்தது என்று ஆகிவிடாது.

காந்தப்புலம் எவ்வாறு மூளையைக் கெடுக்கும் என்பதற்கு அணுக்களில் உள்ள கால்சியத்தின் அளவு மாறுகிறது என்பது போன்ற சில ஊகங்கள் உண்டு. அவை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007ல் எல்லா ஆய்வுகளையும் சீர்தூக்கி, அல்சைமர் நோய்க்கும் இந்தப் புலத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விஞ்ஞானக் குழு 2009ல் இதை மேலும் ஆராய வேண்டிய விஷயமாகக் குறித்தது. அதன் பின் வந்த ஆய்வுகளையும் பார்த்துவிட்டு 2015ல், நம்பத்தக்க சான்று இல்லை என்று தெரிவித்தது.

பொதுமக்களுக்கான 50 சுழற்சிக் காந்தப்புலத்தின் சர்வதேச வரம்பு 200 மைக்ரோ டெஸ்லா என்று 2010ல் வகுக்கப்பட்டது. இவ்வரம்பு நரம்புகளில் உடனடியாக ஏற்படும் தூண்டலைத் தடுப்பதற்கானது. பல்லாண்டு கழித்து வரும் நோய்களை வைத்து வகுத்ததல்ல.

சுருங்கச் சொன்னால், சந்தேகம் முழுவதும் நீங்கவில்லை, குற்றமும் நிரூபணமாகவில்லை. அப்படி ஏதேனும் விளைவு இருந்தாலும், மிக உயர் அழுத்தக் கம்பிக்கு 50 மீட்டருக்குள், பல்லாண்டுகள் குடியிருப்பவர்களுக்கே அது பொருந்தக்கூடும். கம்பியின் அடியில் களை எடுப்பதற்கும் மாடு மேய்ப்பதற்கும் மறதி நோய் வரும் என்று எந்த ஆய்வும் கூறவில்லை.

நேர்மின்னோட்டக் கம்பி

கொங்குப் பகுதி விவசாயிகள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரிலிருந்து புகளூர் வரை வரும் 800 கிலோவோல்ட் கம்பி நேர்மின்னோட்டக் கம்பி. அதன் காந்தப்புலம் பூமியின் புலத்தைப்போல் திசை மாறாதது. மேலே கூறிய சுவிட்சர்லாந்து, டென்மார்க் ஆய்வுகள் மாறுமின்னோட்டக் கம்பிகளைப் பற்றியவை. அவற்றின் எண்களை எடுத்து இக்கம்பிக்குப் பொருத்துவது தவறு.

கோபுரத்துக்காக நிலம் இழப்பதும், தென்னையை வெட்ட நேர்வதும், நிலத்தின் விலை குறைவதும் உண்மையான நஷ்டங்கள். அவற்றுக்கு உரிய இழப்பீடு கேட்பது விவசாயியின் உரிமை. அந்தக் கோரிக்கை நில மதிப்பு, மரக் கணக்கு, பயிர்ச் சேதம் ஆகிய உறுதியான ஆதாரங்களின் மீது நிற்கட்டும். நிரூபணமாகாத நோயின் மீது நிறுத்தினால் நியாயமான கோரிக்கையும் பலவீனமாகிவிடும்.

பண்ணையில் செய்ய வேண்டியவை

செலவில்லாமல் செய்யக்கூடிய முன்னெச்சரிக்கைகளைச் செய்துவிடுவதில் தவறில்லை.

1. மோட்டார் கொட்டகையில் படுப்பதாக இருந்தால், கட்டிலை மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, மீட்டர் பலகை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 2 மீட்டர், அதாவது ஏழு அடி தள்ளிப் போடவும். தலைமாட்டை எதிர்ப்பக்கம் வைக்கவும். கொட்டகைக்கு வெளியே தனிப் பந்தலில் படுப்பது இன்னும் நல்லது. மோட்டார் எரிந்தாலும் தீப்பிடித்தாலும் உயிருக்கு ஆபத்து இராது.

2. மோட்டாருக்குச் செல்லும் மூன்று முனைக் கம்பிகளையும் ஒரே கேபிளாகக் கொண்டுசெல்லவும். தனித்தனிக் கம்பிகளை மரத்துக்கு மரம் விலக்கிக் கட்டினால் காந்தப்புலமும் கூடும், மின்விபத்தும் நேரும்.

3. நியூட்ரல் கம்பிக்குப் பதிலாகப் பூமியைப் பயன்படுத்தி விளக்கு எரிப்பது அறவே கூடாது. இது சட்டப்படி குற்றம். ஈர நிலத்தில் ஆளையும் மாட்டையும் கொல்லும்.

4. புதிதாக வீடு கட்டும்போது, இடம் இருந்தால், மிக உயர் அழுத்தக் கம்பியிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் கட்டவும். கம்பிப் பாதைக்குள் வீடு கட்ட அனுமதியே இல்லை. 220 கிலோவோல்ட் கம்பிக்குப் பாதையின் அகலம் 35 மீட்டர் என்றும், 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர் என்றும் வகுத்துள்ளனர்.

5. ஏற்கெனவே கட்டிய வீடு அருகில் இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காக வீட்டை விற்கவோ கடன் வாங்கி இடம் மாறவோ தேவையில்லை. படுக்கும் அறையைக் கம்பிக்கு எதிர்ப்புறம் மாற்றிக்கொண்டால் போதும்.

6. காந்த சக்தியைத் தடுக்கும் என்று விற்கப்படும் தாயத்து, தகடு, வில்லை போன்றவற்றை வாங்கி ஏமாற வேண்டாம்.

உறுதியாகத் தெரிந்த அபாயங்கள்

மின்கம்பியால் நிச்சயமாக உயிர் போகும் வழிகள் வேறு உண்டு. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இரும்புக் குழாயை மேலே தூக்கும்போது அது கம்பியில் படுதல், கம்பியின் கீழ் கரும்பு லோடோ வைக்கோல் பாரமோ உயரமாக ஏற்றிச் செல்லுதல், தேங்காய் பறிக்க இரும்புத் தோட்டி பயன்படுத்துதல், அறுந்து விழுந்த கம்பியை நாமே எடுத்து ஒதுக்குதல், எர்த் இல்லாத மோட்டாரை ஈரக் கையால் தொடுதல் ஆகியவை அவற்றில் சில. காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும் இவ்வகையே. இது பெரும் குற்றம் என்பதோடு, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன அண்டை வயல்காரரும், சில சமயம் வேலி போட்டவரே கூடவும் பலியாகின்றனர்.

மோட்டாருக்கு முறையான எர்த் போட்டு, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்திக்கொள்ள வேண்டும். மறதி நோயைப் பற்றிய ஆய்வுகள் ஒரு முடிவுக்கு வரும்வரை இதற்குக் காத்திருக்கக் கூடாது.

மறதி நோயைத் தள்ளிப்போட

2024ல் சர்வதேச மருத்துவக் குழு ஒன்று, மறதி நோய்க்கு வழிகோலும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அந்தப் பதினான்கையும் சரிசெய்தால் மறதி நோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. அப்பட்டியலில் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், அளவு மீறிய குடி, உடல் பருமன், உடலுழைப்பின்மை, தலையில் அடிபடுதல், காது மந்தம், பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, குறைந்த கல்வி ஆகியவை உள்ளன. காந்தப்புலம் இல்லை.

இவற்றில் பலவும் கிராமத்திலேயே கவனிக்கக்கூடியவை. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும் வழி செய்யப்பட்டது. காது சரியாகக் கேட்காத பெரியவரை "செவிடு" என்று ஒதுக்கி வைத்தால் பேச்சும் பழக்கமும் குறைந்து மூளையும் சோர்கிறது. கண்புரையை அறுவைச் சிகிச்சையால் நீக்கலாம். மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிவது மூளையைக் காக்கும் நேரடி வழி.

பூச்சிமருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் விவசாயப் பகுதியான கேஷ் மாவட்டத்தில், 65 வயதுக்கு மேற்பட்ட 3,000க்கும் அதிகமானோரை ஆராய்ந்ததில், தொழில் காரணமாகப் பூச்சிமருந்துடன் பழகியவர்களுக்கு அல்சைமர் நோய் சுமார் 1.4 மடங்காகவும், ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்துடன் பழகியவர்களுக்கு சுமார் 1.5 மடங்காகவும் இருந்ததாக 2010ல் கண்டனர். இதுவும் இறுதித் தீர்ப்பல்ல. ஆயினும் இம்மருந்துகள் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை என்பது ஐயத்துக்கு இடமில்லாதது. காற்றுக்கு எதிராகத் தெளிக்காமலும், வெறுங்கையால் கலக்காமலும், முகமூடியும் கையுறையும் அணிந்தும், தெளித்த பின் சோப்புப் போட்டுக் குளித்தும் வந்தால் இன்றைய விஷத்துக்கும் நாளைய நோய்க்கும் சேர்த்துக் காப்பு.

காரணத்தைக் கம்பியின் மேல் போட்டுவிட வேண்டாம்

கடைசியாக முக்கியமான ஒன்று. வீட்டுப் பெரியவருக்கு மறதி வந்ததும், "கம்பிக்குக் கீழே குடியிருந்தோம், அதனால் வந்தது, இனி என்ன செய்வது" என்று இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. இதுதான் பெரும் நஷ்டம். ஏனெனில் மறதி எல்லாம் அல்சைமர் ஆகாது. தைராய்டு குறைவாலும், வைட்டமின் பி12 பற்றாக்குறையாலும், மனச்சோர்வாலும், சில மாத்திரைகளாலும் மறதி வரும். வரப்பில் வழுக்கி விழுந்து தலையில் பட்ட அடியால் மூளையின் மேல் மெதுவாக ரத்தம் கட்டி, சில வாரங்கள் கழித்துக்கூட மறதியும் தடுமாற்றமும் தோன்றும். இவை பெரும்பாலும் சிகிச்சையால் சரியாகக்கூடியவை. காலம் தாழ்த்தினால் சரியாகாமல் போகவும் கூடும்.

ஆகவே மறதியின் அறிகுறி தென்பட்டதும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ரத்தப் பரிசோதனையும், டாக்டர் சொன்னால் தலை ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும். அல்சைமர் என்றே உறுதியானாலும், வேகத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்துகள் உண்டு. கிணற்றுக்கு வேலி அடைப்பது, மோட்டார் அறையையும் பூச்சிமருந்து அலமாரியையும் பூட்டி வைப்பது, பெரியவரின் சட்டைப் பையில் பெயரும் ஊரும் எழுதிய சீட்டை வைப்பது ஆகியவை அவரைக் காக்கும்.

நினைவில் கொள்ள: மின்சாரக் காந்தப்புலம் மறதி நோயைத் தரும் என்பது நிரூபணமாகவில்லை. செலவில்லாமல் விலக முடிந்த இடத்தில் சில அடி விலகிப் படுக்கலாம். மின்சாரம் தாக்காமல் பார்த்துக்கொள்வது அதைவிட அவசரம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் மூளைக்கும் நல்லது. வீட்டுப் பெரியவரின் மறதிக்குக் காரணத்தைக் கம்பத்தில் தேடாமல் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.